எட்டாவது கேள்வி

பேசிக்கொண்டே போகிறவர்களைப் பாதியில் நிறுத்துவதில் நான் கெட்டிக்காரி. வேப்பந்தட்டை மருத்துவ முகாமில் ஒரே நாளில் இருநூற்று எழுபது பேரை நிறுத்தியிருக்கிறேன். அவர்களில் ஒருத்தி ராசாத்தி. தன் உயிரைக் காப்பாற்றியிருக்கக்கூடிய ஒரே ஒரு வாக்கியத்தை அவள் என்னிடம் சொன்னாள். எனக்கு நன்றாகவே காதில் விழுந்தது. விழுந்த பிறகுதான், "ஏம்மா, கதையெல்லாம் வேண்டாம். ஆமாவா இல்லையா, அத மட்டும் சொல்லு" என்றேன்.

என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது மூத்தவள். ஆனாலும் 'சொல்லு' என்றுதான் வந்தது. வெங்காயக் காட்டிலிருந்து நேரே வந்திருந்தாள், காலில் செருப்பில்லை, நானோ கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தேன். வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

2003-ல் பி.எஸ்ஸி. கம்ப்யூட்டர் முடித்துவிட்டு, பெரம்பலூர் துறைமங்கலத்தில் வீட்டில் உட்கார்ந்து டி.வி. பார்த்துக்கொண்டிருந்தேன். பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் கிளினிக் வைத்திருந்த தோல் டாக்டர் பஞ்சநாதன், டைப் அடிக்கத் தெரிந்த பெண் வேண்டும் என்று சொல்லியனுப்பினார். போனேன். ஒரு அறை முழுக்க அட்டைப்பெட்டிகள். அவற்றுக்குள் இருபத்திரண்டு வருஷத்து நோயாளிகள், ஆளுக்கொரு அட்டையாக. பதினோராயிரத்துக்கு மேல் இருந்தன. தேமல், படை, சொறி, தொழுநோய், மச்சம், மரு என்று பெரம்பலூரிலும் அரியலூரிலும் யார் உடம்பில் என்ன வந்தாலும் அந்தப் பெட்டிகளில் இருந்தது.

"ஜெயசித்ரா, இதெல்லாம் என் தலையில இருக்கு. நான் செத்துட்டா என்னோட போயிடும். இத மெஷின்ல ஏத்தணும். நாளைக்கு ஒரு கிராமத்து நர்ஸ், கேள்வியக் கேட்டு பட்டன அமுக்குனா, நான் என்ன சொல்வேனோ அத மெஷின் சொல்லணும்" என்றார் டாக்டர்.

நல்ல யோசனைதான். இன்றைக்கும் அதைக் குறை சொல்ல மாட்டேன். திருச்சிக்குப் பஸ் ஏறிப் போய் டாக்டர் பார்க்க வழியில்லாத சனங்களுக்கு அப்படி ஒன்று வேண்டும்தான். ஆனால் டாக்டருக்கு அதைவிடப் பெரிய ஆசை ஒன்று இருந்தது. சென்னையில் நடக்கும் மாநாட்டில் இந்த மெஷினைப் பற்றிக் கட்டுரை வாசிக்க வேண்டும், தன்னோடு படித்துவிட்டு இன்று பெரிய ஆஸ்பத்திரிகளில் இருக்கிறவர்கள் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்க வேண்டும். எனக்கும் ஆசை இருந்தது. கட்டுரையின் கீழே என் பெயரையும் போடுவதாகச் சொல்லியிருந்தார்.

ஒவ்வொரு அட்டையையும் பிரித்துக் கட்டம் கட்டமாக ஏற்றினேன். வலி உண்டா, அரிப்பு உண்டா, ரத்தம் கசிகிறதா, நீர் வடிகிறதா, தொட்டால் தெரிகிறதா, பெரிதாகிறதா. ஆமா என்றால் ஒன்று, இல்லை என்றால் சைபர். அதற்கு மேல் மெஷினுக்கு எதுவும் வேண்டியதில்லை. ஆறு மாதத்தில் என் பேச்சும் அப்படியே ஆகிவிட்டது. "சாப்பிட்டியா?" என்று அம்மாவைக் கேட்டு, "ரசம் வச்சேன்டி, புளி பத்தல..." என்று அவள் ஆரம்பித்தால் எரிச்சலாக வரும்.

காலில் கருப்பாகப் படை விழுந்தவர்களின் அட்டைகள் வந்தபோதுதான் எனக்கு ஒன்று தோன்றியது. எங்கள் பக்கம் பித்தவெடிப்பு வந்தாலும் சரி, முள் குத்தினாலும் சரி, காலாணி வந்தாலும் சரி, சேராங்கொட்டையை விளக்கில் சுட்டு, வடியும் எண்ணெயை அந்த இடத்தில் வைத்துவிடுவார்கள். வண்ணார் துணியில் குறி போடுகிற அதே கொட்டைதான். வைத்த இடம் கன்னங்கரேலென்று ஆகிவிடும், மாதக்கணக்கில் போகாது. அதைப் பார்த்துப் பயந்து டாக்டரிடம் வருவார்கள். அப்படி இருநூற்றுப் பதினான்கு அட்டைகள் இருந்தன.

"சார், ஏழாவதா ஒரு கேள்வி வச்சிடலாம். சேராங்கொட்டை வச்சீங்களான்னு. ஆமான்னா அது கறைதான். மத்த ஆறு கேள்வியையும் பாக்க வேண்டியதில்ல. பெருசாகுதுன்னு எல்லாருமேதான் சொல்றாங்க. திரும்பத் திரும்ப வச்சா பெருசாகத்தானே செய்யும்?"

டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "எந்த வெள்ளைக்காரன் புத்தகத்துலயும் இது இருக்காதும்மா. மாநாட்டுல கைதட்டப் போறது இதுக்குத்தான்" என்றார். அன்றைக்கு வீட்டுக்கு நான் பஸ்ஸில் போகவில்லை. சந்தோஷத்தில் நடந்தே போனேன்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அந்த இருநூற்றுப் பதினான்கு அட்டைகளிலும் வலது மூலையில், டாக்டர் கையெழுத்தில், சின்னதாக 'பின்' என்று எழுதியிருந்தது. வேறு நான்கைந்து அட்டைகளில் 'முன்' என்று இருந்தது. அந்த 'முன்' அட்டைகளின் அடியில் 'திருச்சிக்கு அனுப்பியது' என்று இருந்தது. எனக்குப் புரியவில்லை. ஒன்றை எடுத்துக்கொண்டு போய்க் கேட்டேன்.

"படை கொட்டைக்கு முன்னாடி வந்துதா, பின்னாடி வந்துதான்னு கேட்டு எழுதுனது" என்றார். ஃபோனில் சென்னைக்காரர் யாரோ காத்திருந்தார்.

"அதுக்கு ஒரு கட்டம் போடவா சார்?"

"வேண்டாம்மா. அது எனக்காக எழுதி வச்சது. மெஷினுக்கு எதுக்கு? ஆமா, இல்ல, அது போதும்."

போதும் என்று சொல்லிவிட்டார். நானும் விட்டுவிட்டேன். ஒரு கட்டம் கூடுதலாகப் போட்டால் இருநூற்றுச் சொச்சம் அட்டைகளையும் மறுபடி திறக்க வேண்டும். அவர் வேண்டாம் என்றதில் எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

முகாம் 2004 மாசியில், வேப்பந்தட்டையில் ஒரு பள்ளிக்கூடத்தில் நடந்தது. சென்னையிலிருந்து இரண்டு டாக்டர்கள் வந்திருந்தார்கள். அவர்களுக்குச் சோபா, இளநீர், மேலே ஃபேன். சனங்களுக்கு வெயிலில் வரிசை. நான் நடுவில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தேன், பக்கத்தில் சீட்டு அடித்துத் தரும் பிரிண்டர். கேள்வி கேட்பேன், தட்டுவேன், சீட்டு வரும், அடுத்த ஆள். பஞ்சநாதன் ஆளைப் பார்க்கவே இல்லை. மெஷின் தானாகச் சொல்லுகிறது என்று காட்டத்தானே முகாம்? எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு விருந்தாளிகளுக்கு விளக்கிக்கொண்டிருந்தார்.

மத்தியானம் மூன்று மணிபோல ராசாத்தி வந்தாள். இடது உள்ளங்காலைத் தூக்கி மேஜை விளிம்பில் வைத்தாள். குதிகாலுக்குச் சற்று முன்னால் ஒரு கருப்பு. ஓரம் நெளிந்து நெளிந்து இருந்தது.

வலியா என்றேன், இல்லை என்றாள். அரிப்பு? இல்லை. ரத்தம்? இல்லை. நீர்? இல்லை. தொட்டா தெரியுதா? தெரியுது. பெருசாகுதா?

"ஆமா பாப்பா. போன ஆடிக்கு அவரைக்கொட்டை அளவுதான் இருந்துச்சு."

"சேராங்கொட்டை வச்சியா?"

"வச்சேன் பாப்பா. ஆனா இது அதுக்கு முன்னாடியே இருந்துச்சு. இருந்துச்சேன்னுதான் கொட்டையே வச்சேன். எங்க மாமியாதான் வைக்கச் சொன்னாங்க, அவங்க..."

இதுதான் அந்த வாக்கியம். கேட்டதும் எனக்கு அட்டை மூலையில் இருந்த 'முன்' ஞாபகம் வந்தது. பொய் சொல்லி என்ன ஆகப் போகிறது, ஞாபகம் வந்தது. ஆனால் அதைப் போட இடமில்லை. வரிசை பள்ளிக்கூட கேட் வரை நின்றது. பின்னால் சென்னை டாக்டர் ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி, "ஒரு பேஷண்டுக்கு எவ்வளவு நேரம் ஆகுது?" என்று பஞ்சநாதனைக் கேட்டுக்கொண்டிருந்தார். அதற்கு இவர், "நாற்பது செகண்டு" என்றார்.

நான் ராசாத்தியை நிறுத்தினேன். ஆமா என்பதைத் தட்டினேன்.

'சேராங்கொட்டைக் கறை. மருந்து தேவையில்லை. நம்பகம் 96 சதவீதம்.'

பஞ்சநாதன் திரும்பி அந்தச் சீட்டை வாங்கி விருந்தாளிகளிடம் காட்டினார். "பாருங்க. இத நீங்க தோல் கேன்சர், மெலனோமான்னு சொல்லி, கால்ல சதைய வெட்டிப் பரிசோதனைக்கு அனுப்பியிருப்பீங்க. எங்க மெஷினுக்கு எங்க ஊரு தெரியும்." அவர்கள் சிரித்தார்கள். ஒருவர் கையைக்கூடத் தட்டினார். ராசாத்தியின் காலைப் படம் எடுத்துக்கொண்டார்கள். அவளுக்கு ஒரே வெட்கம். புடவையை இழுத்து விட்டுக்கொண்டு சிரித்தாள். சுற்றி அத்தனை டாக்டர்கள் நின்றும், குனிந்து பார்த்தது கேமரா வைத்திருந்தவர் ஒருவர்தான்.

"அப்ப ஒண்ணும் இல்லையா பாப்பா?"

"கம்ப்யூட்டரே சொல்லிடுச்சு. எழுந்திரு, அடுத்த ஆளு வரட்டும்."

"நல்லாயிருப்ப பாப்பா" என்று என் கன்னத்தைத் தடவிவிட்டுப் போனாள். வெங்காய வாசனை. எனக்கு எரிச்சலாக இருந்தது, கைக்குட்டையால் துடைத்துக்கொண்டேன்.

பிறகு நடந்ததெல்லாம் அவள் புருஷன் முருகையன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அந்தச் சீட்டை அவள் ரேஷன் கார்டுக்குள் வைத்து, மடங்காமல் பாதுகாத்தாளாம். அடுத்த திங்கட்கிழமையே சிறுவாச்சூர் அம்மன் கோயிலுக்குப் போய் மாவிளக்குப் போட்டுவிட்டு வந்தாளாம். சித்திரையில் அந்த இடம் வெடித்து நீர் வடிந்தபோது முருகையன் திருச்சிக்குக் கூப்பிட்டிருக்கிறார். "கம்ப்யூட்டர்லயே பாத்து எழுதிக் குடுத்துருக்காங்க, உமக்கு என்ன தெரியும்?" என்று சீட்டை எடுத்துக் காட்டினாளாம். ஆடியில் மறுபடி கூப்பிட்டிருக்கிறார். மறுபடி சீட்டைக் காட்டியிருக்கிறாள். அந்தச் சீட்டு இல்லாமல் இருந்திருந்தால் சித்திரையிலேயே திருச்சிக்குப் போயிருப்பாள். நாங்கள் அவளுக்கு வைத்தியம் பார்க்காமல் விட்டதோடு நிற்கவில்லை, பார்க்கப் போனவளையும் தடுத்து வைத்திருக்கிறோம்.

ஐப்பசியில் முருகையன் அவளைக் கைத்தாங்கலாகக் கிளினிக்குக்கு அழைத்து வந்தார். உள்ளங்காலில் புண். தொடை இடுக்கில் எலுமிச்சை அளவுக்குக் கட்டி. பஞ்சநாதன் கட்டியை ஒருமுறை தொட்டார், புண்ணை வெகுநேரம் பார்த்தார். அப்போதுதான் முதல்முறையாக அவள் காலை அவர் பார்க்கிறார். வெளியே உட்காரச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

"ரெக்கார்ட எடு."

எடுத்தேன். ஏழு கட்டங்கள். ஏழாவதில் ஒன்று.

"கொட்டைக்கு முன்னாடியே இருந்துச்சான்னு சொன்னாளா?"

"சொன்னா சார்."

"எங்க இருக்கு?"

"கட்டமே இல்லையே சார். நான் அப்பவே உங்ககிட்ட..."

"எங்க இருக்குன்னு கேட்டேன்."

"எங்கயும் இல்ல சார்."

"அப்ப சொல்லல" என்றார். குரலை உயர்த்தவே இல்லை. "திருச்சிக்கு லெட்டர் அடி. அடுத்த மாசம் மாநாடு. ஞாபகம் இருக்குல்ல?"

ஞாபகம் இருந்தது. அடித்தேன். 'மேற்படி நோயாளி, கரும்படை முன்பே இருந்ததை முகாமில் தெரிவிக்கவில்லை.' என் விரல்கள் ஒரு எழுத்துக்கூடத் தப்பாக அடிக்கவில்லை. டாக்டரிடம் கையெழுத்து வாங்கி, உறையில் போட்டு, முருகையன் கையில் நானே கொடுத்தேன். பெஞ்சில் உட்கார்ந்திருந்த ராசாத்தி என்னைப் பார்த்துச் சிரித்து, "பாப்பா இளைச்சிட்டியே" என்றாள்.

திருச்சியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். கட்டியையும் எடுத்தார்கள். ஆனால் அதற்குள் கேன்சர் உள்ளே போய்விட்டது என்று கையை விரித்துவிட்டார்கள். அங்கிருந்த டாக்டர் லெட்டரைப் படித்துவிட்டு, "ஏம்மா, இத ஏன் மறைச்ச? சொல்லியிருந்தா வெறும் படையோட போயிருக்குமே" என்று திட்டியிருக்கிறார். மாமியார் அதைப் பிடித்துக்கொண்டாள். ரெண்டு பொட்டப் பிள்ளைகளைத் தெருவில் விட்டுவிட்டாயே, வாயைத் திறந்து சொல்ல முடியாதா என்று, கால் போனவளைப் படுக்கையில் வைத்தே பேசியிருக்கிறாள். ராசாத்திக்கு ஒரே பிடிவாதம். "நான் சொன்னேன். அந்தப் பாப்பாகிட்ட சொன்னேன்." உயிர் போவதைவிட அதுதான் அவளுக்குப் பெரிதாக இருந்திருக்கிறது.

அதற்காகத்தான் கார்த்திகையில் முருகையன் வந்தார். மழையில் நனைந்து வந்திருந்தார். டாக்டர் மாநாட்டுக்குப் போயிருந்தார், கிளினிக்கில் நான் மட்டும்தான். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"அம்மா, உங்க மேல ஒண்ணும் கொறை சொல்ல வரல. போனது போச்சு. எம் பொஞ்சாதி உங்ககிட்ட சொன்னேன்னு சொல்லுது. எங்காத்தா நம்ப மாட்டேங்குது. புள்ளைங்களும் அது மூஞ்சியப் பாக்க மாட்டேங்குதுங்க. நீங்க ஒரு வார்த்த சொன்னீங்கன்னா நான் போயி எல்லாருகிட்டயும் சொல்லிப்புடுவேன். அது நிம்மதியா இருக்கும். சொல்லுச்சா, சொல்லலையாம்மா?"

அவ்வளவுதான் அவர் கேட்டது. கேஸ் போடுகிறேன் என்றோ நஷ்டஈடு வேண்டும் என்றோ சொல்லவில்லை. அடிக்கவும் வரவில்லை. ஒரு 'ஆமா' வேண்டும் என்று வேப்பந்தட்டையிலிருந்து மழையில் பஸ் ஏறி வந்திருந்தார். அந்த நேரம் சென்னையில் டாக்டர் மேடையில் இருந்திருப்பார். அவருக்குப் பின்னால் திரையில் என் பெயர் ஓடியிருக்கும்.

"சொல்லலைங்க" என்றேன்.

அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். தலையை ஆட்டிக்கொண்டார். "சரிங்கம்மா. போயிட்டு வரேன்" என்று மழையில் இறங்கிப் போனார். எதிர்க் கடைக்குப் போய் டீ குடித்தேன். திரும்பி வந்து, விட்ட இடத்திலிருந்து டைப் அடித்தேன். அவ்வளவு சீக்கிரம் வேலையில் உட்கார்ந்துவிட்டதை நினைத்தால் இப்போது எனக்கு என்மேலேயே பயமாக இருக்கிறது.

பங்குனியில் ராசாத்தி செத்துப்போனாள்.

சித்திரையில் முருகையன் மறுபடி வந்தார். இந்த முறை மஞ்சள் பை ஒன்றைக் கையில் வைத்திருந்தார். தலை மொட்டை. நான் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். என்னை ஏதாவது செய்துவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

பையை மேஜைமேல் வைத்தார். சின்ன வெங்காயம், இரண்டு கிலோ இருக்கும்.

"அது உங்களுக்குக் குடுக்கச் சொல்லுச்சும்மா. நான் வந்து நீங்க சொன்னதச் சொன்னேன்ல, அன்னைலேந்து யோசிச்சுக்கிட்டே கெடந்துச்சு. படிச்ச புள்ள பொய் சொல்லுமா, நான்தான் சொல்லணும்னு நெனச்சுக்கிட்டே போயி, கூட்டத்தப் பாத்ததும் மறந்துட்டேன் போலன்னுச்சு. அந்தப் பாப்பா மேல பழி போட்டுட்டேனே, மன்னிச்சுக்கச் சொல்லுங்கன்னு ஒரே அழுவை. எங்காத்தா கால்லயும் வுழுந்து மன்னிப்புக் கேட்டுச்சு. அதுக்கு அப்பறம் ரெண்டு நாள்தான் இருந்துச்சு."

அவர் கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார்.

அன்றைக்கு மத்தியானம் எனக்கு ஒரு வேலை இருந்தது. மாநாட்டில் யாரோ ஒருவர் எழுந்து, 'எது முதலில் வந்தது என்று மெஷின் கேட்காதா?' என்று கேட்டுவிட்டாராம். டாக்டர் கொஞ்சமும் அசராமல், அடுத்த பதிப்பில் அது இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்திருந்தார். அதற்காக எட்டாவது கேள்வியைச் சேர்த்து முடித்திருந்தோம். 'படை கொட்டைக்கு முன்பா? பின்பா? தெரியவில்லையா?' மூன்று பட்டன்கள். பழைய பதிவுகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து எட்டாவது கட்டத்தை நிரப்ப வேண்டும், காலியாக விட்டால் மெஷின் ஏற்காது.

முகாம் பதிவுகளில் நூற்று எண்பத்தாறாவது: ராசாத்தி, வயது 34, இடது உள்ளங்கால். திறந்தேன். டாக்டர் வீட்டுக்குச் சாப்பிடப் போயிருந்தார். அறையில் நானும் ஃபேனும் மேஜைமேல் அந்த மஞ்சள் பையும்தான். இத்தனை மாதமாக நான் எனக்கே சொல்லிக்கொண்டிருந்த சமாதானம், அதை எழுத ஒரு கட்டம் இல்லை என்பதுதான். இப்போது கட்டம் இருந்தது. 'முன்பு' என்று ஒரு பட்டன். அதைத் தட்டினால் அவள் சொன்னாள் என்று ஒரே ஒரு இடத்திலாவது இருக்கும். தட்டினால் மெஷினின் நம்பகம் தொண்ணூற்றாறு தொண்ணூற்றைந்தாகும், ஏன் குறைந்தது என்று கேட்பார்கள், அந்த லெட்டர் வெளியே வரும், அதை அடித்தவள் யார் என்பார்கள்.

'தெரியவில்லை' என்பதைத் தட்டினேன். மெஷின் ஏற்றுக்கொண்டது.

சாயங்காலம் வெங்காயத்தை வீட்டுக்கு எடுத்துப் போனேன். யார் கொடுத்தது என்று அம்மா கேட்டாள். ஒரு பேஷண்ட் என்றேன். நல்ல காரம் என்று நாலு நாள் சாம்பார் வைத்தாள், நானும் சாப்பிட்டேன்.